தட்டிப் பார்த்த பிறகுதான் தெரிந்தது, தரைக்குள் என்ன இருக்கிறதென்று

நவம்பர் மாதத்தில் ஒரு மழை இரவு. கிள்ளானில் உள்ள எங்கள் ஒற்றை மாடி வரிசை வீட்டின் வரவேற்பறையில் ‘டமார்’ என்றொரு சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தோம். தரையின் நடுவில் இரண்டு டைல்ஸ் கூடாரம் போல் ஒன்றோடொன்று முட்டி மேலெழுந்து நின்றன. மறுநாள் காலை விளக்கைப் போடாமல் வந்த பாட்டி அதில் கால் தடுக்கி விழுந்தார். நல்லவேளையாக எலும்பு முறியவில்லை. ஆனாலும் முட்டி வீங்கிவிட்டது. தரை சரியாகும்வரை பாட்டி தன் வீட்டில் இருக்கட்டும் என்று காப்பாரில் இருக்கும் அத்தை அழைத்துச் சென்றுவிட்டார்.

குத்தகையாளர் சொன்ன தொகை அப்பாவுக்குக் கட்டுப்படியாகவில்லை. கட்டுமானத் துறையில் இருபது ஆண்டுக்கு மேல் வேலை செய்த மாமா, “எட்டு டைல்ஸ்தானே? நானும் இவனும் பார்த்துக்கொள்கிறோம்,” என்றார். ‘இவன்’ நான்தான். கணக்கியல் படிக்கிறேன். அதுவரை சுத்தியல் பிடித்தது சுவரில் காலண்டர் மாட்ட மட்டுமே.

நோய் எங்கே?

மாமா முதலில் உளியை எடுக்கவில்லை. ஐம்பது சென் நாணயம் ஒன்றை எடுத்துத் தரை முழுக்கத் தட்டிக்கொண்டே போனார். சில இடங்களில் ‘டக் டக்’ என்று கெட்டியான ஒலி. சில இடங்களில் வெறும் பானையைத் தட்டியதுபோல் ‘டொக் டொக்’. அப்படி ஒலித்த இடங்களைச் சாக்கட்டியால் வட்டமிட்டார். உயர்ந்து நின்றவை இரண்டே. வட்டத்துக்குள் வந்தவையோ எட்டு.

நம் வீடுகளில் தரை என்பது மூன்று அடுக்கு. அடியில் காங்கிரீட். அதன்மேல் மட்டம் பார்த்துப் பரப்பிய சிமெண்டு, மணல் கலவை. அதற்கும் மேல் டைல்ஸ். நம் கண்ணுக்குத் தெரிவது மூன்றாவது மட்டுமே. எங்கள் வீட்டில் டைல்ஸைப் பெயர்த்ததும் நடு அடுக்கு விரலால் சுரண்டினாலே மாவாய் உதிர்ந்தது. தூசியைத் துடைக்காத காங்கிரீட்டின் மேல் கலவையைக் கொட்டியதால் அது ஒட்டவே இல்லை. டைல்ஸ்களுக்கு இடையிலும், சுவர் ஓரத்திலும் இடைவெளி விடவில்லை. டைல்ஸ் ஈரத்தாலும் வெப்பத்தாலும் சிறிது சிறிதாக விரியும். சிமெண்டுக் கலவையோ சுருங்கும். விரிய இடமில்லாத டைல்ஸ் ஒன்றையொன்று நெருக்கி, ஒருநாள் பிடி விட்டதும் மேலே கிளம்பிவிடும். அந்த மழை இரவில் நடந்தது இதுதான்.

வேலை நடந்த விதம்

உடைக்கும் முன் மூக்கு, கண், கை மூன்றுக்கும் பாதுகாப்பு வேண்டும். மணல், சிமெண்டுத் தூசியில் சிலிக்கா உண்டு. அதை ஆண்டுக்கணக்கில் சுவாசித்தால் நுரையீரல் கெட்டுவிடும். தூசி பறக்காமலிருக்கத் தண்ணீர் தெளித்துக்கொண்டே உடைத்தோம். உதிரும் கலவையைக் காங்கிரீட் தெரியும்வரை சுரண்டி எடுத்து, கூட்டி, துடைத்தோம்.

அடுத்து ஈரச் சோதனை. துடைத்த தரை உலர்ந்ததும் முக்கால் முழ அகலப் பிளாஸ்டிக் தாளின் நான்கு ஓரங்களையும் டேப்பால் ஒட்டி, ஓர் இரவு முழுக்க விட்டோம். காலையில் அடியில் நீர்த்துளி படிந்திருந்தால் கீழிருந்து ஈரம் ஏறுகிறது என்று பொருள். அப்படியானால் முதலில் அதற்கு வழி பார்க்க வேண்டும். எங்கள் தாள் உலர்ந்தே இருந்தது.

பிறகு கலவை. சிமெண்டு ஒரு பங்கு, கழுவிய மணல் மூன்று பங்கு. தண்ணீர் எவ்வளவு என்று கேட்டதற்கு, “கொழுக்கட்டை மாவு பதம்,” என்றார் மாமா. கையில் பிடித்தால் உருண்டை நிற்க வேண்டும், தண்ணீர் சொட்டக்கூடாது. காங்கிரீட்டை நனைத்து, சிமெண்டுக் கூழைத் துடைப்பத்தால் தேய்த்து, அது காய்வதற்குள் கலவையைக் கொட்டி அழுத்தினோம். மூன்று செண்டிமீட்டர் கனம். மட்டப்பலகையை இழுத்து, ரசமட்டம் வைத்துச் சரிபார்த்தபோது மாலையாகிவிட்டது. அன்று நவம்பர் மாதத்தின் கடைசி ஞாயிறு.

நான் செய்த தவறு

மறுநாள் முதல் ஏழு நாளைக்கு ஈரச் சாக்கு போட்டு, காலையும் மாலையும் தண்ணீர் காட்டச் சொல்லிவிட்டு மாமா வேலைக்குப் போய்விட்டார். எனக்கோ புதன்கிழமை ஒப்படைக்க வேண்டிய பணி ஒன்று. பொங்கலுக்குள் பாட்டி வீடு திரும்ப வேண்டுமே என்ற அவசரம் வேறு. சீக்கிரம் காயட்டும் என்று சாக்கை எடுத்துவிட்டு மின்விசிறியை முழு வேகத்தில் சுழல விட்டேன்.

வியாழக்கிழமை வந்த மாமா ஓர் ஆணியால் கீறினார். வெள்ளைப் பொடி கிளம்பியது. அவர் திட்டவில்லை. “மறுபடியும் உடைக்கணும் தம்பி,” என்றார். அவ்வளவுதான்.

சிமெண்டு காய்ந்து கெட்டியாவதில்லை. தண்ணீரோடு வேதிவினை புரிந்துதான் கெட்டியாகிறது. தண்ணீர் போய்விட்டால் வினை பாதியில் நின்றுவிடும். இது எனக்குத் தெரியாத செய்தி அல்ல. படிவம் ஐந்தில் வேதியியல் படித்தவன் நான். தேர்வில் கேட்டிருந்தால் எழுதியிருப்பேன். மின்விசிறிப் பொத்தானில் கை வைத்தபோது மட்டும் அது நினைவுக்கு வரவில்லை.

அடுத்த ஞாயிறு எல்லாம் புதிதாக. இம்முறை ஏழு நாளும் சாக்கின் ஈரம் காயவில்லை. அதன்பின் உலர விட வேண்டும். ஒரு மில்லிமீட்டர் கனத்துக்கு ஒரு நாள் என்பது கட்டுமானத்தில் உள்ள பொதுக் கணக்கு. மூன்று செண்டிமீட்டருக்கு ஒரு மாதம். டைல்ஸ் ஒட்டி முடித்தபோது பொங்கல் கடந்துவிட்டது. பாட்டி அந்த ஆண்டு அத்தை வீட்டில்தான் பொங்கல் வைத்தார். “எந்த வீட்டில் பொங்கினா என்னடா,” என்று தொலைபேசியில் சொன்னார். அந்த ஒரு வாரம் என்னால் போனது என்று நான் அவரிடம் சொல்லவில்லை. இப்போது இதைப் படித்துக் காட்டித்தான் சொல்லப்போகிறேன்.

நீங்களும் கவனிக்க

புது டைல்ஸ் ஒட்டும்போது பசை அடிப்பரப்பு முழுக்கப் படிய வேண்டும். நான்கு மூலையிலும் நடுவிலும் மட்டும் அப்பினால் போதாது. டைல்ஸ்களுக்கு இடையே இரண்டு, மூன்று மில்லிமீட்டரும், சுவர் ஓரத்தில் இன்னும் சற்று அதிகமாகவும் இடைவெளி விடுங்கள்.

எல்லாத் தரையையும் நாமே தொடக்கூடாது. குளியலறைத் தரையின் கீழ் நீர்க்கசிவைத் தடுக்கும் பூச்சு இருக்கும். அடுக்குமாடி வீடாக இருந்தால் நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். உடைக்கும்போது துருப்பிடித்த கம்பி தெரிந்தாலோ, விரிசல் நாளுக்கு நாள் நீண்டாலோ உடனே நிறுத்திவிட்டு, விவரம் அறிந்தவரை அழையுங்கள்.

இந்த வார இறுதியில் ஒரு நாணயத்தை எடுத்து உங்கள் வீட்டுத் தரையைத் தட்டிப் பாருங்கள். ‘டொக்’ என்று கேட்டால், வீட்டில் வயதானவர் நடக்கும் வழியா அது என்று முதலில் பாருங்கள்.