கண்டவரே கற்பித்தல்

பருவநிலை மாற்றத்தைக் கற்பிக்கும் தாபனத்துக்குத் தலைவராதற்குரியவர் யார்? அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தவரான வில் ஸ்டீகர் இதற்கோர் எடுத்துக்காட்டாவார். 1989-90இல் இவரும் வேறு ஐந்து நாடுகளைச் சேர்ந்த ஐவரும், நாய்கள் இழுக்கும் சறுக்குவண்டிகளுடன் அந்தாட்டிக்காக் கண்டத்தைக் கடந்தனர். அவர்கள் கடந்துசென்ற லார்சன் பனித்தட்டின் ஒரு பெரும்பகுதி, வெப்பம் மிகுந்தமையால் 2002இல் சில வாரங்களுள் நொறுங்கிக் கடலிற் கலந்தது. 2006இல் ஸ்டீகர் இலாபநோக்கற்ற கல்வித் தாபனமொன்றை நிறுவினார். அது ஆசிரியர்களைப் பயிற்றுவதையும் தன் பணியாகக் கொண்டது. ஓராசிரியர் கற்பின் ஒரு வகுப்பே கற்குமன்றோ!

மழை பிந்துவதையும் கிணற்றுநீர் தாழ்வதையும் முதலிற் காண்பவர் கமக்காரரே. கண்டதைத் திகதியிட்டு எழுதிவைத்துக் கமக்காரர் சங்கக் கூட்டத்திற் கூறுபவர், தம் ஊருக்கு ஆசிரியராவார்.