ஆடிக் காத்துக்கும் மாமல்லபுரம் அலைக்கும் என்ன சம்பந்தம்? தீபாவளி லீவுல கடலுக்குப் போறவங்க கவனிக்க வேண்டியது என்ன?

ஆடி மாசத்துல பல்லடம், உடுமலை பக்கம் பைக் ஓட்டினவங்களுக்குத் தெரியும், காத்து ஆளையே தள்ளும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக நுழையும் தென்மேற்குப் பருவக்காற்று, இந்தப் பகுதியில் வரிசையாக நிற்கும் காற்றாலைகளை செப்டம்பர் வரை சுற்ற வைக்கிறது. நம்ம ஊர் நூற்பாலைகள் பலவும் காற்றாலை வாங்கிப் போட்டிருப்பது இந்த சீசனை நம்பித்தான்.

இதே சீசனில்தான் 400 கிலோமீட்டருக்கு அப்பால் மாமல்லபுரத்தில் அலைச்சறுக்கு வீரர்கள் கூடுகிறார்கள். ஆசிய அலைச்சறுக்கு சாம்பியன்ஷிப் போட்டி அங்கே 2025 ஆகஸ்ட் 3 முதல் 12 வரை நடந்தது. அதில் இந்தியாவின் ரமேஷ் புதிஹால் வெண்கலம் வென்றார். போட்டிக்கு ஆகஸ்ட் மாதத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இருக்கு.

காத்து அடிச்சாத்தான் அலை வருமா?

பாதி சரி. கரையில் அடிக்கிற காற்று கிளப்பும் அலை சின்னது, ஒழுங்கில்லாதது. நாலைந்து விநாடிக்கு ஒண்ணு வந்து மோதும். அலைச்சறுக்குக்கு வேண்டியது வேற அலை. இந்தியப் பெருங்கடலின் தெற்குக் கோடியில், அன்டார்டிகாவுக்கு அருகில் புயல் வீசும்போது கிளம்பும் பேரலைகள் பல ஆயிரம் கிலோமீட்டர் பயணம் செய்து, சில நாட்கள் கழித்து நம்ம கரைக்கு வருகின்றன. வர்ற வழியிலேயே சில்லறை அலைகள் அடங்கிப்போய், நீளமான, சீரான அலைகள் மட்டும் மிஞ்சும். ஒன்றுக்கும் அடுத்ததுக்கும் இடையில் 12 விநாடி, சில நேரம் அதற்கும் மேல் இடைவெளி இருக்கும். தென்பகுதியில் குளிர்காலமான மே முதல் செப்டம்பர் வரை இந்த வரத்து அதிகம். இலங்கை குறுக்கே நிற்பதால் நம்ம கிழக்குக் கரைக்கு வரும்போது வலு குறைந்திருக்கும்.

இங்கேதான் ஆடிக் காற்று வேலை செய்யுது. உடுமலையில் அடிக்கிற அதே காற்று நேரா மாமல்லபுரம் போகுதுன்னு சொல்ல முடியாது. ஆனா பருவம் ஒண்ணு, திசையும் கிட்டத்தட்ட ஒண்ணு. மேற்குக் கரைக்கு அது கடலில் இருந்து வரும் காற்று. அதனால் கோவா, கேரளாவில் அந்த மாதங்களில் கடல் கொந்தளிக்கும். கிழக்குக் கரைக்கு அது நிலத்தில் இருந்து கடலுக்குப் போகும் காற்று. எதிரே வரும் அலையின் முகத்தை அது தாங்கிப் பிடிப்பதால், அலை சட்டென்று கவிழாமல் நின்று உடையும். தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும். இதெல்லாம் விடியற்காலையில் இருந்து காலை 9, 10 மணி வரைக்கும்தான். வெயில் ஏறினதும் கடல்காற்று திரும்பி அடிக்க ஆரம்பிச்சிடும், அலை குலைஞ்சிடும். மதியம் போய் 'ஒண்ணுமே இல்லையே'ன்னு திரும்புறவங்க இதைத் தெரிஞ்சுக்கணும்.

இன்னொண்ணு. காலையில் தட்டையாகத் தெரியும் கடலில், ரப்பர் டியூபில் குழந்தையை மிதக்க விடாதீங்க. கரையில் இருந்து வீசும் காற்று அதை உள்ளே தள்ளிக்கிட்டே போகும்.

தீபாவளி லீவுக்குப் போகலாமா?

பனியன் கம்பெனிகளுக்கு நீண்ட விடுமுறை கிடைப்பது தீபாவளிக்குத்தான். ஆனா ஐப்பசி, கார்த்திகை கிழக்குக் கரைக்கு மோசமான காலம். காற்று திசை மாறி வாடையாக, கடலில் இருந்து கரையை நோக்கி அடிக்கும். அலை பெரிசா இருக்கும், ஒழுங்கு இருக்காது. ஆடியில் வடக்கு நோக்கி இழுத்த கரையோர நீரோட்டம் இப்போ தெற்கு நோக்கி இழுக்கும். வங்கக்கடலில் புயல் சின்னம் உருவானால், அது நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இருக்கும்போதே அலை வந்து சேர்ந்துடும். மேலே வானம் வெளுத்திருக்கேன்னு இறங்கினவங்க மாட்டிக்கிறது அப்போதான். கடலில் இறங்க ஆசைப்படும் குடும்பங்களுக்கு அமைதியான மாதங்கள் பிப்ரவரி, மார்ச். அப்போ அலை சின்னது, பலகை ஏறிப் பழகவும் அது போதும்.

காத்தே இல்லாத நாளில் வரும் ஆபத்து

கேரள மீனவர்கள் இதற்கு வைத்த பெயர் கள்ளக்கடல். தூரத்துப் பேரலை, உள்ளூரில் காற்றோ மழையோ எந்த அறிகுறியும் இல்லாமல் திடீரென்று கரையேறுவது. 2024 மே 6-ம் தேதி கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் 5 பேர் அலையில் இழுத்துச் செல்லப்பட்டு உயிரிழந்தபோது, கள்ளக்கடல் எச்சரிக்கை அமலில் இருந்தது. எச்சரிக்கை கொடுப்பது ஹைதராபாத்தில் உள்ள இந்திய தேசிய கடல்சார் தகவல் சேவை மையம், அதாவது இன்காய்ஸ். கிளம்புறதுக்கு முந்தின நாள் அவங்க இணையதளத்தில் அலை உயரத்தோடு, அலை இடைவெளி எத்தனை விநாடின்னும் பாருங்க. உயரம் குறைவா இருந்தாலும் இடைவெளி 15 விநாடியைத் தாண்டினா, அந்த அலையில் இருக்கிற வலு வேற. பாறை மேல நின்னு செல்ஃபி எடுக்கிற நாள் அது இல்லை.

தண்ணீரில் இறங்கும் முன்னாடி பத்து நிமிஷம் கரையில் நின்னு பாருங்க. ரெண்டு பக்கமும் அலை உடையுது, நடுவுல மட்டும் உடையாம, கொஞ்சம் கலங்கலா, அமைதியா ஒரு பாதை தெரியுதா? புதுசா வர்றவங்க பத்திரமான இடம்னு நினைச்சு இறங்குறது அங்கேதான். கரைக்கு வந்த தண்ணீர் எல்லாம் கடலுக்குத் திரும்பிப் போற வழி அது. அதில் சிக்கினால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தாதீங்க. கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, அலை உடையுற இடத்துக்கு வந்துட்டு அப்புறம் கரைக்குத் திரும்புங்க. நீந்த முடியலைன்னா மல்லாந்து மிதந்துகிட்டே கையை உயர்த்திக் காட்டுங்க.