எழுதப்படாத உடன்பாடு

அகத்தியர் மலைப்பகுதியில் தோன்றும் நெய்யாறு, நெய்யாற்றின்கரை வழியாக ஓடிப் பூவாறு என்னும் ஊரருகே அரபிக்கடலில் கலக்கிறது. இவ்வாற்றில் அணை கட்டி, வலதுகரை, இடதுகரை என இரு கால்வாய்கள் வெட்டும் திட்டம் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலம் இருந்த காலத்தில் தொடங்கப்பட்டது. இடதுகரைக் கால்வாயின் நீர் விளவங்கோடு வட்டத்து நிலங்களுக்கும் செல்லவேண்டும் என்பது அத்திட்டத்தின் ஒரு பகுதி. அப்போது நெய்யாற்றின்கரையும் விளவங்கோடும் ஒரே மாநிலத்தில் இருந்தன. ஒரே வீட்டில் வாழ்வோர் கிணற்று நீருக்குக் கணக்கு எழுதிக்கொள்வதில்லை. அதுபோல, அங்கும் தனி ஒப்பந்தம் தேவைப்படவில்லை.

1956 நவம்பர் 1 அன்று மாநில எல்லைகள் மாறின. அணை கேரளத்தில் அமைந்தது. விளவங்கோடு சென்னை மாநிலத்துடன் இணைந்தது. ஆயினும் கால்வாயில் நீர் வந்துகொண்டிருந்தது. எவ்வளவு நீர், எந்த மாதங்களில், பராமரிப்புச் செலவில் யாருக்கு எவ்வளவு பங்கு என்பவற்றை இரு மாநிலங்களும் கையொப்பமிட்டு உறுதி செய்யவில்லை. பழக்கமே உடன்பாடாக நின்றது.

2004ஆம் ஆண்டில் அந்த நீர் நின்றது. ஒப்பந்தம் இன்றி நீர் வழங்க இயலாது என்றது கேரளம். விளவங்கோட்டு நிலங்களையும் கருதியே திட்டம் தீட்டப்பட்டது, ஆகவே நீர் பெறுவது உரிமை என்றது தமிழ்நாடு. 2012இல் தமிழ்நாடு உச்சநீதிமன்றத்தை நாடியது. இக்கால்வாயை நம்பியிருந்த நிலத்தின் பரப்பு 9,200 ஏக்கர். இரு தரப்பும் தத்தம் நியாயத்தைக் கூறின. ஆனால் இருவரும் ஏற்றுக் கையொப்பமிட்ட தாள் ஒன்று இல்லை.

இதே இரு மாநிலங்கள் பரம்பிக்குளம்-ஆழியாறு திட்டத்தில் வேறு வழியை மேற்கொண்டன. அதற்கான ஒப்பந்தம் 1970 மே 29 அன்று கையெழுத்தானது. ஆண்டுதோறும் மணக்கடவு என்னும் இடத்தில் கேரளத்திற்கு 7.25 டி.எம்.சி., அதாவது 725 கோடி கன அடி நீர் கிடைக்கவேண்டும் என அது வரையறுத்தது. ஆண்டு ஜூலை 1இல் தொடங்கி ஜூன் 30இல் முடியும். முப்பது ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒப்பந்தத்தை மறுஆய்வு செய்யவும் அதில் இடமுண்டு. அங்கும் பூசல்கள் எழுவதுண்டு. எனினும், பேச்சைத் தொடங்க ஓர் அளவும், அளக்க ஓர் இடமும் உள்ளன.

கூட்டுப்பணி எதுவாயினும் நான்கு செய்திகள் முன்னரே தெளிவாதல் வேண்டும்: யார் எதைச் செய்வது, எவ்வளவு செய்வது, எப்போது முடிப்பது, நிலைமை மாறினால் என்ன செய்வது. வகுப்பில் நால்வர் சேர்ந்து செய்யும் செயல்திட்டத்திற்கும் இது பொருந்தும். படம் வரைபவர் நடுவில் வேறு பள்ளிக்கு மாறினால் அப்பணியை யார் ஏற்பார் என்பதையும் முதல் நாளிலேயே குறித்துவைக்கலாம். இவ்வாறு எழுதிக்கொள்வது நண்பர்மீது ஐயம் கொள்வதாகாது. மனம் ஒத்திருக்கும் நாளில் எழுதுவது எளிது. பிணக்கு வந்தபின் அதே வரியை எழுதுவது அரிது.

சிந்தித்து எழுதுக

1. 1956க்கு முன் நெய்யாற்று நீருக்குத் தனி ஒப்பந்தம் தேவைப்படாதது ஏன்?
2. உங்கள் குழுவின் அடுத்த செயல்திட்டத்திற்கு நான்கு வரிகளில் ஓர் உடன்பாடு எழுதுக.