அம்மாவுக்கும் 1.2, மகனுக்கும் 1.2... கிட்னி ரிப்போர்ட்டை எப்படிப் படிக்கணும்?

சங்கரன்கோவிலில் விசைத்தறியில் வேலை பார்க்கும் 62 வயது அம்மா, சென்னையில் ஐ.டி. வேலையில் இருக்கும் 25 வயது மகன். ரத்தப் பரிசோதனையில் இருவருக்கும் கிரியாட்டினின் 1.2 என்று வைத்துக்கொள்வோம். "எனக்கும் அதேதாம்மா, பயப்படாதீங்க" என்று மகன் வாட்ஸ்அப்பில் சொல்லிவிடலாம். ஆனால், கணக்குப் போட்டால் மகனுக்கு 86, அம்மாவுக்கு 51!

ரிப்போர்ட்டில் 'இ.ஜி.எஃப்.ஆர்.' என்று இருக்குமே, அதுதான் இந்த எண். சிறுநீரகம் நிமிடத்துக்கு எத்தனை மி.லி. வடிகட்டுகிறது என்பதன் மதிப்பீடு. 3 மாதங்களுக்கு மேல் 60-க்குக் கீழேயே நின்றால், அது நாள்பட்ட சிறுநீரக நோய்.

ஒரே 1.2-க்கு ஏன் இரண்டு விடை? கிரியாட்டினின் தசையில் உருவாகும் கழிவு. தசை குறைந்த உடம்பில் கழிவும் குறைவாகத்தான் உருவாகும். அப்படியும் ரத்தத்தில் 1.2 தேங்கியிருக்கிறது என்றால், வடிகட்டும் வேலை மந்தமாகிவிட்டது என்று அர்த்தம். தசையை லேப்பில் யாரும் அளப்பதில்லை. அதற்குப் பதிலாகத்தான் வயதையும் பாலினத்தையும் சூத்திரத்தில் போடுகிறார்கள்.

இந்தச் சூத்திரங்களுக்கும் ஒரு கதை உண்டு. 1976-ல் வந்த காக்ராஃப்ட்-கால்ட் சூத்திரம் 249 பேரின் தரவில் உருவானது. அதில் கிட்டத்தட்ட எல்லாருமே ஆண்கள்! 2009-ல் வந்த சி.கே.டி.-எபி சூத்திரம் கறுப்பினத்தவருக்குத் தனிக் கணக்கு வைத்திருந்தது. 2021-ல் அதை நீக்கிவிட்டார்கள். மேலே போட்ட கணக்கு இந்தப் புதிய சூத்திரத்தில்தான்.

சரி, நம்ம ஊர் உடம்புக்கு இது பொருந்துமா? சண்டிகர் பி.ஜி.ஐ. மருத்துவர்கள் இனுலின் என்ற பொருளை உடலில் செலுத்தி, வடிகட்டும் திறனை நேரடியாகவே அளந்து பார்த்தார்கள். 2018-ல் வெளியான முடிவு: இந்தியர்களுக்கு இந்தச் சூத்திரங்கள் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டுகின்றன. நமக்குத் தசையும் குறைவு, தட்டில் கறியும் குறைவு என்பது ஒரு முக்கியக் காரணம். அப்படியென்றால், அம்மாவின் 51 நிஜத்தில் இன்னும் கீழே இருக்கலாம்.

இது வெறும் எண் விளையாட்டு இல்லை. சர்க்கரைக்குப் பலரும் போடும் மெட்ஃபார்மினை எடுத்துக்கோங்க. இந்த எண் 45-க்குக் கீழே போனால் டோஸை மறுபடி பார்க்கணும். 30-க்குக் கீழே என்றால் நிறுத்தணும். இரண்டையும் டாக்டர்தான் முடிவு செய்யணும்.

சிறுநீரில் அல்புமின் பரிசோதனையும் சேர்த்து எடுப்பது நல்லது. சந்தேகம் தீரவில்லை என்றால் சிஸ்டாட்டின்-சி இருக்கிறது. செலவு கூடுதல், ஆனால் தசையை அவ்வளவாகச் சார்ந்தது இல்லை. தறியில் நின்று நின்று கால் வலிக்குதுன்னு அம்மா மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிப் போடும் வலி மாத்திரை சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடியது. அதன் பெயரையும் டாக்டரிடம் சொல்லிடுங்க.