கழுதையின் கண்ணில் புகையிலைத் தண்ணீர்

போன மாரியில் தாழ்வுபாட்டுப் பக்கமிருந்து மிருகவைத்தியர்களான எங்களிடம் ஒரு கழுதையைக் கொண்டுவந்தார்கள். இடது கண் முழுக்கப் பால்வெள்ளை. "உள்ளுக்குள்ள ஒரு வெள்ளை நூல் நெளிஞ்சது ஐயா, நாங்கள் எல்லாரும் பார்த்தனாங்கள்" என்றார் கூட வந்த பெரியவர். எப்போது என்று கேட்டேன். பதினைந்து நாள் இருக்குமாம். அந்தப் பதினைந்து நாளும் புகையிலையை ஊறவைத்த தண்ணீரைக் காலையும் மாலையும் ஊற்றியிருக்கிறார்கள். நடுவில் ஒருநாள் உப்பைப் பொடித்தும் ஊதியிருக்கிறார்கள். புழு உயிரோடு இருக்கிறதா, செத்துவிட்டதா என்று டோர்ச் அடித்துப் பார்க்கக்கூட வழியில்லை. கருவிழி வெந்துபோயிருந்தது.

குதிரை பார்க்க வேண்டுமென்றால் நெடுந்தீவுக்குப் போகவேண்டும். மன்னாரில் எங்களுக்குக் கழுதைதான் குதிரை. இரண்டின் கண்ணுக்கும் வரும் கேடு ஒன்றே. அதைப் பற்றி ஊரில் உலவும் கதைகள்தான் நூறு.

மாட்டு வயிற்றில் பிறப்பது

இந்தப் புழுவின் சொந்த வீடு கழுதை அல்ல, மாடு. செற்றேரியா டிஜிடாட்டா என்று பெயர். யானைக்கால் புழுவின் தூரத்து உறவு. மாட்டின் வயிற்றறைக்குள், குடலுக்கு வெளியே, ஆணும் பெண்ணும் கூடி வாழும். மாட்டுக்குப் பெரும்பாலும் ஒரு நோவும் தெரியாது. புல் மேயும், பால் தரும். பெண் புழு முட்டையை வெளியே இடுவதில்லை. கண்ணுக்குத் தெரியாத குஞ்சுகளை ஈன்று விட, அவை இரத்தத்தில் கலந்து ஓடும். மாட்டைக் கடிக்கும் நுளம்பு அவற்றையும் உறிஞ்சிக்கொள்ளும். நுளம்பின் உடலில் அந்தக் குஞ்சு பெருகாது. ஒன்று ஒன்றாகவே இருந்து, இருமுறை தோல் உரித்து, ஏறத்தாழ இரண்டு கிழமையில் அடுத்த உடலுக்குத் தயாராகி நுளம்பின் வாய்க்கு வந்துவிடும்.

அந்த நுளம்பு இன்னொரு மாட்டைக் கடித்தால் புழு வீடு சேர்ந்துவிடும். ஆட்டையோ கழுதையையோ கடித்தால் வழி தவறிவிடும். வயிற்றறையைத் தேடிப் போகவேண்டியது முதுகுத்தண்டுக்கும் மூளைக்கும் போகும், சிலவேளை கண்ணின் முன்னறைக்குள் வந்து நீந்தும். பெரியவர் பார்த்த 'நூல்' அதுதான். கழுதையின் கண்ணில் அது இனம் பெருக்குவதில்லை. அங்கே குஞ்சும் இல்லை, குடும்பமும் இல்லை. பருவம் முற்றாத ஒற்றைப் புழு, போக வழியின்றித் துடிக்கிறது. அது துடிக்கத் துடிக்கக் கண் வீங்கும், நீர் வடியும், கருவிழி மங்கும்.

கண்ணின் மேற்பரப்பில், மூன்றாம் இமைக்கடியிலும் கண்ணீர்க் குழாயிலும் வாழும் தெலாசியா என்ற வேறொரு புழுவும் உண்டு. அதைக் கொண்டு திரிவது இலையான். அது கண்ணிலேயே குஞ்சு ஈனும். கண்ணீரை நக்க வரும் இலையான் குஞ்சையும் நக்கிப் போய், தன் உடலில் வளர்த்து, அடுத்த கண்ணில் இறக்கிவிடும். எது மேலே, எது உள்ளே என்று பார்த்துச் சொல்லத்தான் நாங்கள் இருக்கிறோம்.

"மண் விழுந்தது, சூடு ஏறியது, பேய் அடித்தது"

கடற்கரை மணல் கண்ணில் விழுந்து புழுவாகிறது என்கிறார்கள். மணலில் புழு பிறப்பதில்லை. புல்லோடு தின்றதால் வந்தது என்கிறார்கள். இது வாய்வழி வருவதே இல்லை. உடம்புச் சூடு என்று வெங்காயச் சாறு விடுகிறார்கள். கழுதைக்கு எரிகிறதே தவிர வேறொன்றும் நடப்பதில்லை. கருவிழியின் மேலே எதை ஊற்றினாலும் அதற்குப் பின்னால், நீர் நிறைந்த அறைக்குள் இருக்கும் புழுவை அது தொடாது. யன்னல் கண்ணாடிக்கு வெளியே நின்று உள்ளே இருக்கும் கள்ளனுக்கு அடிப்பதுபோலத்தான். உடைவது கண்ணாடி.

ஆட்டுக்கு வேறு கதை. மாலையில் நன்றாக நின்ற ஆடு காலையில் பின்னங்கால் இழுத்துக் கிடக்கும். பாம்பு என்பார்கள், பேய் என்பார்கள், இடுப்பில் குறி சுடுவார்கள். சுட்ட ஆட்டைப் பார்க்கும்போது எனக்கு வரும் கோபத்தை எழுத்தில் வைக்க முடியாது. அதே மாட்டுப் புழு முதுகுத்தண்டில் புகுந்தாலும் இப்படித்தான் கால் விழும். குதிரைகளுக்கு வந்த இந்த இடுப்புவாதத்தை 'கும்ரி' என்பார்கள். இலங்கைக் குதிரைகளில் கண்ட கும்ரிக்கு வழிதவறிய இந்தப் புழுவே காரணம் என்று இன்னெஸ், பிள்ளை என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1955இலேயே எழுதிவிட்டார்கள். எழுபது வருடமாகிறது, நாம் இன்னும் இரும்பைக் காய்ச்சிக்கொண்டிருக்கிறோம்.

இன்னொரு பயம்: கழுதையைத் தொட்டால் நமக்கு ஒட்டுமா? ஒட்டாது. நடுவில் நுளம்பு வேண்டும். இலங்கையில் மனிதக் கண்ணிலிருந்து எடுத்த புழுக்களில் பெரும்பாலானவை நாயிலிருந்து நுளம்பு கொண்டுவந்த டைரோபிலாரியா. கழுதையைக் கல்லால் அடித்துத் துரத்துவதில் அர்த்தமில்லை.

கடை மருந்தின் கொடுமை

பார்மசியில் வாங்கி வீட்டில் மிஞ்சிய கண்மருந்தை விடுகிறவர்கள் புகையிலைக்காரரைவிட மோசம். படித்தவர்கள் என்பதால் சொல்கிறேன். ஸ்ரீரொயிட் கலந்த துளியைப் புண்ணான கருவிழியில் விட்டால் கண் ஓட்டையாகும். புழு மருந்தை அளவு தெரியாமல் ஊசியாகப் போடுகிறவர்களும் உண்டு. கண்ணுக்குள் புழு செத்தாலும் பிணம் அங்கேயேதான் கிடக்கும், அழற்சி கூடும். ஐவர்மெக்டின் என்ற புழு மருந்தைப் பால்மாட்டுக்குக் கேட்காமல் போட்டால் மருந்து பாலில் இறங்கும், அதைக் குடிப்பது உங்கள் பிள்ளை.

பரிசோதனைக்குப் பெரும்பாலும் டோர்ச் வெளிச்சம் போதும். உள்ளே இருப்பதை மயக்கம் கொடுத்து, கருவிழியோரத்தில் சிறு துளையிட்டு வெளியே எடுக்கிறோம். கண் தெளிவாக இருக்கும்போது கொண்டுவந்தால் பார்வை மீளும். வெண்மை படர்ந்தபின் வந்தால் புழுவை எடுக்கலாம், பார்வையைக் கொடுக்க என்னால் முடியாது.

மாரி வருமுன்

2016இல் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற அளவில் யானைக்காலை ஒழித்த நாடு என்று உலக சுகாதார ஸ்தாபனம் நமக்குச் சான்று தந்தது. மாட்டிலிருக்கும் இந்தப் புழுவுக்கு அப்படி ஒரு சான்று யாரும் தரப்போவதில்லை. வயல் விதைத்ததும் மாடுகள் எல்லாம் ஒரே இடத்தில் அடைபடும், மழை நீர் தேங்கும், நுளம்பு பெருகும். தயவுசெய்து அந்த நாட்களில் ஆட்டையும் கழுதையையும் மாட்டுப் பட்டிக்கு அருகே கட்டாதீர்கள். அந்தி தொடங்கியதும் வேப்பிலைப் புகை போடுங்கள். சிரட்டையைக் கவிழ்த்து வையுங்கள், பட்டியோரக் குழியை மூடுங்கள். மழைக்கு முன் ஒருதரம் எங்களிடம் வந்து ஆட்டுக்குத் தடுப்பாக என்ன போடலாம் என்று கேளுங்கள், கேட்பதற்குக் காசில்லை.

கழுதையின் கண்ணில் நீர் வடிந்தால், இமையைத் திறக்க மறுத்தால், உள்ளே ஏதாவது நெளிந்தால், அதை நிழலில் கட்டிவைத்துவிட்டு அன்றைக்கே சொல்லியனுப்புங்கள். ஓட்டோவில் ஏறாது என்று காத்திருக்க வேண்டாம், நாங்களே வருகிறோம். நாங்கள் வரும்வரை அந்தக் கண்ணில் ஒரு சொட்டும் விடாதீர்கள்.