உயிரணுவின் கைகாட்டி



பல ஆண்டுகளுக்கு முன் என் வகுப்பில் ஒரு மாணவன் இருந்தான். கைக்குழந்தைப் பருவத்திலேயே விழித்திரைப் புற்றினால் ஒரு கண்ணை இழந்தவன். “முன்வினை” என்று ஊரார் கூறினர். “உண்மையா, ஐயா?” என்று அவன் ஒருநாள் கேட்டபோது தக்க விடை என்னிடம் இல்லை. அவ்விடையையே இன்று கூறப் போகிறேன்.

எங்கள் போத்தனூர்ச் சந்திப்பில் அக்காலத்தில் கைகாட்டியின் கை தாழ்ந்தாலன்றிப் புகைவண்டி நகராது. நம் உயிரணுவுக்குள்ளும் அத்தகைய கைகாட்டி உண்டு.

உயிரணு ஒன்று இரண்டாவதற்கு நான்கு கட்டங்களைக் கடக்கிறது. முதலில் வளர்கிறது; அடுத்துத் தன் டி.என்.ஏ. முழுவதையும் படியெடுக்கிறது, பின்னர்ப் படியைச் சரிபார்க்கிறது, இறுதியில் பிரிகிறது. ஆய்வுக்கூடத்தில் வளரும் பாலூட்டி உயிரணுவுக்கு இச்சுழற்சி முடியப் பெரும்பாலும் ஒரு நாள் ஆகும். பிரிவதற்கு மட்டும் ஏறத்தாழ ஒரு மணி நேரம்.

முதற் கட்டத்தின் முடிவிலேதான் கைகாட்டி நிற்கிறது. படியெடுப்பதற்கு வேண்டிய மரபணுக்களை எழுப்புவது ஈ2எஃப் என்னும் புரதம். அதனைப் பற்றி அடக்கிவைப்பது ஆர்.பி. என்னும் மற்றொரு புரதம். வளரும்படி வெளியிலிருந்து செய்தி வந்தால், சைக்ளின் என்ற புரதம் பெருகித் தன் துணை நொதியுடன் கூடி, ஆர்.பி.யின்மீது பாஸ்பேட்டுகளை ஏற்றுகிறது. ஆர்.பி. தன் பிடியை விடுகிறது, உறங்கிய மரபணுக்கள் விழிக்கின்றன, வண்டி புறப்படுகிறது. டி.என்.ஏ. சிதைந்திருந்தாலோ, பி53 என்னும் புரதம் பி21 மரபணுவை எழுப்பி, அந்நொதியை அடக்கி, வண்டியை நிறுத்திவிடுகிறது. இச்சுழற்சியின் முக்கியச் சூத்திரங்களைக் கண்ட ஹார்ட்வெல், ஹண்ட், நர்ஸ் ஆகிய மூவரும் 2001-இல் நோபெல் பரிசு பெற்றனர்.

ஆர்.பி. புரதத்துக்குரிய மரபணு நம் 13-ஆம் குரோமோசோமில் உள்ளது. தாய்வழி ஒன்று, தந்தைவழி ஒன்று என நமக்கு இரண்டு படிகள் உண்டு. ஒன்று கெட்டாலும் மற்றது காக்கும். விழித்திரையின் ஓர் உயிரணுவில் இரண்டும் கெட்டால், தடுப்பாரின்றி அது பெருகிப் புற்றாகிறது. அமெரிக்க மருத்துவர் நட்சன் 48 நோயாளிகளின் விவரங்களை ஆராய்ந்து, இவ்வாறு இரண்டு அடிகள் விழவேண்டும் என்று 1971-இல் கூறினார். மரபணுவே 1986-இல் கண்டறியப்பட்டது. சில குழந்தைகள் ஒரு படி கெட்ட நிலையிலேயே பிறக்கின்றனர். அவர்களுக்கு நோய் இளமையிலேயே, பெரும்பாலும் இரு கண்களிலும் தோன்றுகிறது. மற்றவர்க்கோ இரண்டு அடிகளும் பிற்பாடு தற்செயலாக நேர்கின்றன.

ஆகவே இது முன்வினையும் அன்று. பெற்றோர் செய்த பிழையும் அன்று. நம் மதுரை அரவிந்த் மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தில் இம்மரபணுவைப் பற்றிய ஆய்வுகள் நடந்துள்ளன. மரபுவழி நோயுள்ள குடும்பத்தில் எந்தக் குழந்தையைத் தொடர்ந்து கண்காணிக்கவேண்டும் என்பதை மரபணுச் சோதனை காட்டக்கூடும்.

உங்கள் வீட்டுக் குழந்தையின் கருவிழி, விளக்கொளியிலோ நிழற்படத்திலோ பூனைக்கண்போல் வெண்மையாய் மின்னினால், திருஷ்டி கழித்துக் காலம் போக்காதீர்கள். அன்றே கண் மருத்துவரிடம் செல்லச் சொல்லுங்கள். காலத்தில் கண்டால் உயிரைக் காக்கலாம். பல வேளைகளில் கண்ணையும் காக்கலாம். அந்த மாணவனுக்கு நான் தரவேண்டியிருந்த விடை இதுவே.