பூ ஸஆதாவின் ஒளி

1884ஆம் ஆண்டில், அரிய வண்டினம் ஒன்றைத் தேடி அல்ஜீரியாவின் தென்பகுதிக்குச் சென்ற பூச்சியியலாளர் குழுவுடன் பாரிஸைச் சேர்ந்த இளம் ஓவியர் ஒருவரும் சேர்ந்துகொண்டார். அவர் பெயர் எத்தியென் தினே; வயது இருபத்து மூன்று. வண்டு கிடைத்ததோ இல்லையோ, ஓவியரைப் பாலை நிலம் பிடித்துக்கொண்டது. மறு ஆண்டே அரசு உதவித்தொகை பெற்று மீண்டும் சென்றார். அரபு மொழியைக் கற்றார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பூ ஸஆதா என்னும் சோலையூரில் வீடு வாங்கிக் குடியேறினார். 1913இல் தம்மை முஸ்லிமாக வெளிப்படுத்திக்கொண்டார். நஸ்ருத்தீன் தினே என்றே இன்று அல்ஜீரிய மக்கள் அவரை அறிவர்.

அல்ஜியர்ஸ் நகரிலிருந்து தெற்கே ஏறத்தாழ 250 கி.மீ. தொலைவில் உள்ளது பூ ஸஆதா. வடக்கே ஹுத்னா உப்பு ஏரி. தெற்கே அவ்லாத் நாயில் மலைகள். நடுவே பாறைகளுக்கிடையில் ஓர் ஓடை, அதன் கரையில் பேரீச்சந்தோப்புகள், மேட்டில் மண்சுவர் வீடுகள் நெருங்கிய பழைய குடியிருப்பு. ஸஆதா என்பது நற்பேற்றைக் குறிக்கும் அரபுச் சொல்.

தினேயின் ஓவியங்களை மனத்தில் இருத்திக்கொண்டு இவ்வூருக்குச் செல்பவர் முதலில் சற்று ஏமாறக்கூடும். இன்ன ஓவியம் இன்ன இடம் என்று விரல் நீட்டிக் காட்டும்படியான அகன்ற நிலக்காட்சிகளை அவர் மிகுதியாகத் தீட்டவில்லை. அவருடைய திரைகளை மனிதர்களே நிறைத்திருக்கின்றனர். நிலம் அவர்களுக்குப் பின்னால் ஒதுங்கி நிற்கிறது. ஆயினும் மாலை வெயிலில் ஓடைக்கரையில் சிறிது நேரம் நின்றால் ஓர் உண்மை புலப்படும். செம்மஞ்சள் மண்ணிலும் பாறையிலும் பட்ட ஒளி மேல்நோக்கித் திரும்பி, நிழலில் இருப்பவரின் முகத்தையும் கீழிருந்து வெளிச்சமாக்குகிறது. தினேயின் படங்களில் நிழல் கருமையாக இல்லாமல் பொன்னிறமாக இருப்பதற்குக் காரணம் இதுவே. பாரிஸின் காட்சிக்கூடத்தில் மிகையெனத் தோன்றும் நிறம் இங்கே வெறும் உண்மையாகிவிடுகிறது. அவர் வண்ணங்களின் தன்மையை நுணுகி ஆராய்ந்தவர். வண்ணங்களும் மெருகெண்ணெய்களும் காலத்தால் கெடுவதைப் பற்றி 1904இல் தனி நூலே எழுதினார்.

இதே ஓடைக்கரையில்தான் அவர் அவ்லாத் நாயில் பெண்களை ஆடையின்றியும் தீட்டினார். இதை மறைத்துவிட்டு அவரைப் புகழ்வது நேர்மையாகாது. கீழைநாட்டுப் பெண்ணை இவ்வாறு காண விரும்பிய ஐரோப்பியக் கண்ணுக்கு அப்படங்கள் இரையாயின என்பதில் ஐயமில்லை. ஆனால் பிற ஓவியர் பலர் படம் தீட்டியதும் மூட்டை கட்டிக்கொண்டு ஊர் திரும்பினர், இவர் தங்கிவிட்டார். தங்கியவருக்கு அண்டை வீட்டார் உண்டு. அவர்களின் தொழுகையும் நோன்பும் துக்கமும் உண்டு. விளையாடும் சிறுவர்களும், பிறை தேடி வானை நோக்கும் முகங்களும், இமாமின் பின்னே அணிவகுத்த தொழுகையாளிகளும் அவருடைய ஓவியங்களில் இடம்பெற்றது இந்த அண்மையினால்தான்.

இந்த அண்மையின் பயனை அவருடைய ஸீரா நூலில் காணலாம். தம் நண்பர் ஸுலைமான் இப்னு இப்ராஹீமுடன் சேர்ந்து அவர் எழுதிய நபி (ஸல்) அவர்களின் வாழ்க்கை வரலாறு 1918இல் பாரிஸில் வெளிவந்தது; அதே ஆண்டில் ஆங்கிலப் பதிப்பும் வந்தது. ஓவியர் எழுதும் ஸீராவில் படங்கள் இருந்தாக வேண்டும். ஆனால் நபி (ஸல்) அவர்களின் திருவுருவை வரைவது கூடாது. தினே அவ்வுருவை வரையவுமில்லை, படமின்றி நூலை விட்டுவிடவுமில்லை. தம் காலத்து முஸ்லிம்கள் கைகட்டி நிற்பதையும், ருகூஉவில் குனிவதையும், ஸுஜூதில் நெற்றி பதிப்பதையும், பாலை நிலத்தின் காட்சிகளையும் தீட்டி நூலில் சேர்த்தார். பக்கங்களுக்கு அலங்கார வேலைப்பாடு செய்தவர் அல்ஜீரியக் கலைஞர் முஹம்மத் ராஸிம். ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளாக மாறாத தொழுகையின் அசைவுகளே அந்த முதல் நூற்றாண்டுக்குச் சான்று என்று அவர் கருதியிருக்க வேண்டும். உருவம் குறித்த மார்க்கத் தடையை இடையூறாக எண்ணாமல் வழிகாட்டியாக ஏற்ற இம்முடிவு, அவர் தீட்டிய எந்தத் தனி ஓவியத்தையும் விட உயர்ந்தது என்பது என் கருத்து. மனித உருவத்தையே வரையலாகாது என்று கொள்வோர் இதனையும் ஏற்கமாட்டார்கள். அது வேறு விவாதம்.

1929இல் ஸுலைமானுடன் ஹஜ்ஜை நிறைவேற்றித் திரும்பிய தினே, அவ்வாண்டு டிசம்பரில் பாரிஸில் காலமானார். உடல் கடல் கடந்து கொண்டுவரப்பட்டு, 1930 ஜனவரி 12 அன்று பூ ஸஆதாவில் அடக்கம் செய்யப்பட்டது. குவிமாடம் அமைந்த எளிய கட்டடத்தினுள் அவருடைய கப்ரு உள்ளது. ஊரில் அவர் பெயரால் 1993இல் திறக்கப்பட்ட அருங்காட்சியகம் 1995இல், நாடு உள்நாட்டுப் போரில் எரிந்துகொண்டிருந்த காலத்தில், தீக்கிரையாகிப் பின்னர் மீட்கப்பட்டது. அவருடைய ஓவியங்களில் பல இன்று அல்ஜியர்ஸின் தேசிய நுண்கலை அருங்காட்சியகத்திலும் பாரிஸின் ஓர்ஸே அருங்காட்சியகத்திலும், எஞ்சியவற்றுள் பல தனியார் கைகளிலும் உள்ளன. அவற்றை அங்கே முதலில் பார்த்துவிட்டுப் பூ ஸஆதாவுக்குச் செல்வது நல்லது. அஸ்ருக்குப் பிந்திய நேரத்தில் ஓடைக்கரையில் இருக்குமாறு பயணத்தை அமைத்துக்கொள்வது அதைவிட நல்லது.